இருபத்திரண்டு அடி

புனே
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி சத்யா எழுதுவது. நான் இங்கே நலமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? நாள் முழுக்கக் கடையில் நின்று நின்று வந்த முட்டிவலி குறைந்ததா?

கையில் போன் இருக்கும்போது இவன் எதற்கு லெட்டர் போடுகிறான் என்று நீ சிரிப்பாய். எங்கள் இன்ஜினியர் குழு இதுவரை பதினாலு ஊர்களில் இலவசமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறது. ஆறு மாதம் கழித்து போன் செய்து கேட்டால் எல்லா ஊரிலும் ஒரே பதில்தான், "நல்லா இருக்குது சார்." போன வருஷம் அப்படிச் சொன்ன ஓர் ஊருக்கு நேரில் போய்ப் பார்த்தேன். நாங்கள் வைத்த சோலார் விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. கம்பத்தில் ஆடு கட்டியிருந்தார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு ஒரு அம்மா, "இவ்ளோ தூரம் வந்து செஞ்சீங்க, எப்படிப்பா குறை சொல்றது" என்றார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். கட்டிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புகிற குழுவாக நாங்கள் இருக்கக் கூடாது. நம் காலனியில் மே மாதம் கட்டிய எட்டு கழிப்பறையும் அடிபம்பில் மாட்டிய மோட்டாரும் டேங்க்கும் எப்படி ஓடுகின்றன என்று மாதம் ஒரு கடிதம் நீ எழுத வேண்டும். போனில் பேசினால் தம்பி மனசு கஷ்டப்படும் என்று மழுப்பிவிடுவாய். எழுதும்போது அப்படி முடியாது. நல்லதை விட்டுவிடு, குறையை மட்டும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தம்பி
சத்யராஜ்


ஆத்தங்கரை காலனி
திருமுக்கூடல்
30 ஜூன் 2024

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு,

அக்கா அன்னம்மாள் எழுதறது. அவரும் நானும் சுகம். நீ அங்க சப்பாத்தியே தின்னுக்கினு இளைச்சிப் போயிருப்ப. பள்ளிக்கூடம் விட்டப்புறம் நான் இவ்ளோ நீளமா எழுதறது இதான் முதல் தடவை. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ.

குறைய மட்டும் எழுதுனு சொன்ன. ஆனா ஒரு நல்லதை எழுதாம விட முடியாதுப்பா. இத்தனை வருஷமா முள்ளுக்காட்டுக்குக் கூட்டமா போய்க்கினு இருந்த பொம்பளைங்க இப்போ தனியா, நினைச்ச நேரத்துக்குப் போறாங்க. பக்கத்து வீட்டு ஷாரோன் காலேஜ் லீவுக்குக்கூட ஹாஸ்டல்லயே கிடப்பா. இப்போ வீட்டுக்கு வந்து பத்து நாள் இருந்துட்டுப் போனா. அவ அம்மா என் கையப் பிடிச்சிக்கினு அழுதுட்டாங்க.

இப்போ குறை. மூணாவது ரூம் தாழ்ப்பாள் சேரல. இன்னொண்ணு, வடிவக்கா சொன்னது. அவங்க வீட்டுக்காரரோட சேர்ந்து ஊரு ஊரா கிணத்துக்கு உறை இறக்கினவங்க, உனக்குத் தெரியும். "கக்கூஸ் குழி பம்புக்கு ரொம்ப கிட்ட இருக்குதுமா, மழைக்காலத்துல இங்க நாலடி தோண்டினாலே தண்ணி தெரியும்"னு சொல்றாங்க. நீங்க கட்டறப்பவே உன் கூட வந்த பையன் கிட்ட சொன்னாங்களாம். அவனுக்குத் தமிழ் புரியல, சிரிச்சிட்டுப் போயிட்டானாம். நான் கடையிலேர்ந்து புடவை அளக்கற டேப் எடுத்துக்கினு வந்து அளந்தேன். இருபத்திரண்டு அடி இருக்குது. இது போதுமாப்பா?

தேவன் உன்னைக் காப்பாராக.

அக்கா
அன்னம்மாள்


புனே
28 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் மாற்றிப் படித்துக் காட்டினேன். ஷாரோன் பற்றி எழுதியதைக் கேட்டதும் கைதட்டினார்கள். பதினாலு ஊரில் இப்படி ஒரு கடிதம் யாருக்கும் வந்ததில்லை.

குழி விஷயம். வரைபடத்தில் ஐம்பது அடி தள்ளித்தான் போட்டிருந்தோம். அந்த இடத்தில் தோண்டினால் புளியமரத்து வேர். வேரை வெட்டி எடுக்க நாலு நாள் ஆகும் என்றார்கள். எங்களுக்கு மொத்தமே ஒன்பது நாள் லீவு, திறப்பு விழாவுக்குப் பணம் கொடுத்த கம்பெனி ஆட்கள் வருகிற தேதியும் முடிவாகிவிட்டது. அதனால் இந்தப் பக்கம் நகர்த்தினோம். பயப்பட வேண்டாம். குழி ஆறடிதான், உங்கள் பம்பின் போர் குழாய் நாற்பது அடி. நடுவில் இருக்கிற மணல் வடிகட்டிவிடும். மே மாதம் தண்ணீரைச் சோதித்தபோது சுத்தமாக இருந்தது. வடிவக்கா சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறேன்.

தாழ்ப்பாளை மாமாவையே மாற்றிவிடச் சொல்.

உன் தம்பி
சத்யா


ஆத்தங்கரை காலனி
24 நவம்பர் 2024

பிரியமான தம்பிக்கு,

நாங்க சுகம். உன் உடம்பு எப்படி இருக்குது? ஆகஸ்ட்ல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு லெட்டர் போட்டேன். பதில் வரல. வேலை அதிகம்னு நினைச்சிக்கினேன்.

மழை விடாம பெய்யுது. பாலாத்துல தண்ணி வந்து, செய்யாறும் வேகவதியும் சேர்ந்து பார்க்கவே பயமா இருக்குது. நம்ம காலனிக்குள்ள ஆறு வரல. ஆனா கக்கூஸ் குழி ரொம்பி மூடி மேலயே தண்ணி நிக்குது. பம்புத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. குடத்துல ஊத்தி வெச்சா காலையில மேல ஆடை கட்டுது.

ரெண்டு வீட்ல புள்ளைங்களுக்கு மஞ்சக்காமாலை. கீழாநெல்லி அரைச்சிக் குடுத்துக்கினு இருக்காங்க. இதுனாலதானானு எனக்குத் தெரியாது. நான் படிச்சவ இல்ல. நீ ஒரு நடை வந்து பாத்துட்டுப் போப்பா. லீவு கிடைக்கலனா யாரையாவது அனுப்பு. சீக்கிரம் அனுப்பு.

உனக்கு வேற ஒரு சேதி வெச்சிருக்கேன். எழுதினா கண்ணு பட்டுடும்னு எழுதல. கிறிஸ்மஸுக்கு நீ வரும்போது நேரா பாத்துக்கோ. அதுவரைக்கும் அவர்கிட்டயும் கேக்காத, சொல்லக் கூடாதுனு சொல்லி வெச்சிருக்கேன்.

அக்கா
அன்னம்மாள்


புனே
14 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இந்தத் தடவை கம்பெனியே நீண்ட லீவு கொடுத்ததால் ஒடிசாவில் ஒரு மலைக் கிராமத்தில் தங்கி நடைபாலம் கட்டுகிறோம். டவர் கிடையாது. திரும்பி வந்த பிறகுதான் உன் கடிதங்கள் மொத்தமாகக் கையில் கிடைத்தன.

வாடை வருவது மழையால் இருக்கலாம். மழைக்காலத்தில் எல்லா ஊரிலும் காமாலை வரும். டேங்க்கில் பிளீச்சிங் பவுடர் போடச் சொல். எவ்வளவு என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஜனவரியில் ஓர் ஆளை அனுப்புகிறேன். கிறிஸ்மஸுக்கு என்னால் வர முடியாது அக்கா. அந்த வாரம்தான் பாலத்துக்குக் கம்பி இழுக்கிறோம். உன் சேதியைப் பொங்கலுக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மனசில் உறுத்துகிறது. காலனியில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? திறப்பு விழா மேடையில் "இந்த ஊரில் பிறந்த பையன் கட்டினது" என்று சொன்னபோது நீ முன் வரிசையில் அழுததை நான் பார்த்தேன். நம் ஆட்களில் ஒருவன் படித்து வந்து கட்டியதும் இப்படித்தான் என்று பேர் வந்துவிட்டால் என்னால் தாங்க முடியாது. நீதான் கொஞ்சம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
சத்யா


ஆத்தங்கரை காலனி
28 டிசம்பர் 2024

பிரியமான தம்பிக்கு,

பண்டிகை நல்லா நடந்துது. நீ இல்லாததுதான் குறை. உனக்கு எடுத்த சட்டை பீரோல இருக்குது.

நீ எழுதின மாதிரியே பவுடர் போட்டோம். இப்போ வாடை இல்ல. கொஞ்ச பேரு கேன் தண்ணி வாங்கறாங்க, அவங்க பேசத்தான் செய்வாங்க. நீ அதையெல்லாம் மனசுல வெச்சிக்காத. நான் தினமும் எல்லார் எதிர்லயும் பம்புத் தண்ணியத்தான் பிடிச்சிக் குடிக்கிறேன். எனக்கு ஒண்ணும் ஆகல பாருங்கனு சொல்றேன். உன் பேரு கெடாது. நான் இருக்கேன்.

பாலத்து வேலைய ஜாக்கிரதையா பாரு. உயரத்துல ஏறாத.

அக்கா
அன்னம்மாள்


புனே
9 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஜனவரி முழுக்க உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பொங்கலுக்கு வர நினைத்தேன், ஒடிசாவில் சிமெண்ட் தாமதமாகி அங்கேயே மாட்டிக்கொண்டேன். போன் செய்தால் மாமாதான் எடுக்கிறார். "தூங்குறா", "கடைக்குப் போயிருக்கா" என்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் என்ன கடை? என் மேல் கோபமா?

அனுப்புவதாகச் சொன்ன ஆளுக்கு லீவு கிடைக்கவில்லை. மார்ச்சில் கட்டாயம் வருவார். உன் டிசம்பர் கடிதத்தில் இருந்து ஒரு வரி எடுத்து எங்கள் ஆண்டறிக்கையில் போட்டிருக்கிறோம். "நான் தினமும் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன்" என்ற வரி. பக்கத்தில் உன் போட்டோ. பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

ஒரு வரியாவது எழுது.

உன் தம்பி
சத்யா


ஆத்தங்கரை காலனி
18 பிப்ரவரி 2025

மச்சான் சத்யராஜுக்கு,

மாமா கலைவாணன் எழுதுறது. உன் லெட்டர் வந்துது. அவ படிக்கல, நான் படிச்சேன். அவளுக்குத் தெரியாம வண்டியில உக்காந்துக்கினு இதை எழுதுறேன்.

உங்க அக்கா முழுகாம இருந்தா. பதிமூணு வருஷம் கழிச்சி. முன்னாடி ரெண்டு வாட்டி மூணு மாசத்துலயே கலைஞ்சது உனக்குத் தெரியும். அதனால இந்த வாட்டி யாருக்கும் வாயத் திறக்கல. நீ கிறிஸ்மஸுக்கு வந்தா வாசல்ல வந்து வயித்தோட நிக்கணும், அவன் மூஞ்சி எப்படி மாறுதுனு பாக்கணும்னு சொல்லிக்கினே இருந்தா.

டிசம்பர்லயே காலனியில பதினோரு பேருக்குக் காமாலை. நான் கேன் தண்ணி வாங்கியாந்து வெச்சேன். அவ தொடல. "என் தம்பி கட்டினத நானே குடிக்கலனா வேற எவ குடிப்பா"னு பம்புல போய் பிடிச்சி, நாலு பேரு பாக்கற மாதிரி குடிப்பா. உன் லெட்டர் வந்தப்புறம் அது இன்னும் அதிகமாச்சு. நான் சண்டை போட்டேன். கேக்கல.

ஜனவரி மூணாம் தேதி கண்ணு மஞ்சளாச்சு. அஞ்சாம் தேதி நினைப்பு தப்பிடுச்சி. காஞ்சிபுரத்துல பாத்துட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போகச் சொன்னாங்க. டாக்டரம்மா, "இது தண்ணியில வர்ற காமாலை, மத்தவங்களுக்கு வந்தா போயிடும், வயித்துப் புள்ளக்காரிக்கு வந்தா உயிர் தப்பறதே பெருசு"னாங்க. ஏழாம் தேதி குழந்தை செத்துப் பொறந்துது. இவளைப் பதினாறு நாள் வெச்சிருந்து காப்பாத்திக் குடுத்தாங்க.

உனக்குச் சொல்லக் கூடாதுனு என் கையில சத்தியம் வாங்கினா. "அவன் வேலைய விட்டுடுவான், ஒடைஞ்சிடுவான்"னு சொன்னா. நீ அவ போட்டோவ புக்குல போட்டிருக்கேன்னு எழுதினதப் பாத்தப்புறம் என்னால சும்மா இருக்க முடியல. உன்னைத் திட்டணும்னு எழுதல மச்சான். நீ தெரிஞ்சிக்கணும்.

வந்தா வா.

கலைவாணன்


புனே
6 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

புனே வந்து சேர்ந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாயா?

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன். உன் எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்துவிட்டது. பம்புத் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறது. மழை நின்று மூன்று மாதம் ஆன பிறகும் இருக்கிறது. பழைய அடிபம்பின் குழாய் தரைக்குக் கீழே எட்டடியில் விரிசல் விட்டிருக்கிறது. மோட்டார் மாட்டும்போது அதை நாங்கள் தோண்டிப் பார்க்கவில்லை. நாற்பது அடி ஆழம் என்று உனக்கு எழுதினேனே, குழித் தண்ணீர் அந்த எட்டடியிலேயே உள்ளே போயிருக்கிறது. மே மாதம் சோதித்தோம். மழையில் சோதிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும் அக்கா. கல்லூரியிலேயே படித்தது. லீவு மே மாதத்தில்தான் கிடைத்தது.

ஆண்டறிக்கையில் இருந்து உன் போட்டோவையும் அந்த வரியையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். ஏழு பக்கத்தில் வேறோர் அறிக்கை எழுதினேன். வடிவக்கா சொன்னது, நீ அளந்து எழுதியது, நான் கொடுத்த பதில் எல்லாம் தேதியோடு அதில் இருக்கிறது. "பாதிப்பு: காமாலை, உன்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். இறப்பு ஒன்று" என்று எழுதினேன். இறப்பு என்ற வரியை மட்டும் எடுத்துவிடலாம், நிரூபிக்க முடியாது என்று இரண்டு பேர் சொன்னார்கள். அந்த வரி போனால் நானும் போகிறேன் என்றேன். வரி இருக்கிறது. தலைவர் பொறுப்பை விட்டுவிட்டேன்.

இனிமேல் மழைக்காலம் ஒன்றை அந்த ஊரில் பார்க்காமல் எங்கேயும் தோண்டக் கூடாது, மொழி தெரிந்தவர் இல்லாமல் போகக் கூடாது, ஊர்க்காரர் ஒருவர் வேண்டாம் என்றால் வேலை நிற்க வேண்டும், கட்டி முடித்த பிறகு இரண்டு வருஷம் குழுவின் ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒத்துக்கொண்டார்கள். புளியமரத்துக்கு அந்தப் பக்கம் புதுக் குழி தோண்ட வடிவக்காவே இடம் காட்டியிருக்கிறார். புது போர் ஊர் மேட்டில் போடுகிறோம். அதுவரை லாரித் தண்ணீர் வரும்.

எதுவும் உனக்கு ஈடாகாது. தெரியும்.

சத்யா


ஆத்தங்கரை காலனி
25 மே 2025

பிரியமான தம்பிக்கு,

நான் இருக்கேன். அவரும் சுகம். கடைக்குப் போக ஆரம்பிச்சிட்டேன். உக்கார ஸ்டூல் போட்டுக் குடுத்திருக்காங்க.

புதுக் குழிக்கு உறை இறக்கியாச்சு. வடிவக்கா கூடவே நின்னு பாத்தாங்க. ஒரு உறை சாஞ்சிருக்குதுனு எடுத்து மறுபடி இறக்க வெச்சாங்க. வேலைக்கு வந்தவங்க முணுமுணுத்துக்கினே செஞ்சாங்க.

கடையில தறிக்காரர் புடவை கொண்டாந்தா முதலாளி அப்படியே வாங்கி அடுக்க மாட்டார். ரெண்டு பேரா விரிச்சிப் பிடிச்சி, வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்போம். இழை விட்டிருக்குதா, கரை சேருற இடத்துல பிரிஞ்சிருக்குதானு விரலால தடவிக்கினே போவோம். குறை இருந்தா எவ்ளோ பழகினவரா இருந்தாலும் திருப்பிக் குடுத்துடுவோம். அவரும் கோச்சிக்க மாட்டார். கட்டிக்கற புடவைக்கே அப்படி. நீங்க கட்டினத யாருப்பா தூக்கிப் பாத்தாங்க? நான் பாத்தேன். பாத்து எழுதினேன். அப்புறம் உனக்காக நானே அதை மடிச்சி வெச்சிட்டேன். தப்பு என் மேலயும் இருக்குது. அதை யாரும் எழுதல.

இன்னொண்ணு சொல்லணும். நீ இங்க பன்னண்டு நாள் இருந்த. பம்பு எப்போ வாடை அடிச்சிதுனு கேட்ட. எத்தினி குடம் குடிச்சேன்னு கேட்ட. யார் யாருக்கு எந்தத் தேதியில காய்ச்சல்னு நோட்டுல எழுதிக்கினே இருந்த. குழந்தையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. வர்றவங்க யாருமே கேக்க மாட்டேங்கறாங்க. நீயும் கேக்கலயே.

அக்கா
அன்னம்மாள்


புனே
2 ஜூன் 2025

அக்கா,

நலமாயிருக்க வேண்டுகிறேன்.

கேட்கப் பயந்தேன். கேட்டால் அது ஒரு ஆளாகிவிடும் என்று பயம். அறிக்கையில் ஒரு வரியாக இருக்கிறவரை நான் தூங்கி எழுந்துகொண்டிருந்தேன்.

இப்போது கேட்கிறேன். பையனா, பெண்ணா? எப்படி இருந்தது? நீ பார்த்தாயா? சொல்ல முடிந்தால் சொல்.

உன் தம்பி
சத்யா


ஆத்தங்கரை காலனி
15 ஜூன் 2025

பிரியமான தம்பிக்கு,

நாங்க சுகம். உன் சுகத்தை எழுது.

பொண்ணு. ரெண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. எனக்கு அப்போ நினைப்பு இல்ல. அதனால பொறந்தத நான் பாக்கல. நாலு நாள் கழிச்சிதான் கண்ணு தெறந்தேன். வயித்தத் தொட்டுப் பாத்தேன், தட்டையா இருந்துது. யாரும் சொல்லாமலே தெரிஞ்சிடுச்சி.

அவர் பாத்தார். அவர்தான் எனக்குச் சொன்னார். தலை ரொம்ப முடியாம். நம்ம அம்மா மாதிரி நெத்தி சின்னதாம். வலது காது மடல் லேசா மடிஞ்சிருந்துதாம், பொறந்தப்போ உனக்கு இருந்த மாதிரி. விரலெல்லாம் நீளமாம். நர்ஸம்மா துணியில சுத்திக் கையில குடுத்தப்போ இன்னும் சூடா இருந்துதாம். அதனால இவர் கொஞ்ச நேரம் ஆட்டிக்கினே நின்னாராம். பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணி, சர்ச் கல்லறையில மதில் ஓரமா வெச்சாங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும் நான் போய்ப் பாத்தேன். ஒரு முழம் மண்ணு மேடு. இப்போ வெயில்ல அது அமுங்கிப் போச்சி. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சி கொஞ்சம் மண்ணு அள்ளிப் போட்டுட்டு வருவேன்.

ஆறாவது மாசத்துலயே பேரு வெச்சிட்டேன். பொண்ணுதான்னு எனக்குத் தெரியும். ஜெயப்ரியா. கடையில நின்னுக்கினே மனசுக்குள்ள கூப்பிடுவேன். அசையும். செத்துப் பொறந்ததுக்கு சர்ச் நோட்டுலயும் பேரு எழுத மாட்டாங்களாம், ஆஸ்பத்திரி சீட்டுலயும் எழுத மாட்டாங்களாம். ‘அன்னம்மாள், பெண் சிசு’னு போட்டிருக்குது. இவருக்கும் எனக்கும் தவிர யாருக்கும் அவ பேரு தெரியாது. இப்போ உனக்குச் சொல்லியிருக்கேன்.

ஷாரோன் உன் ரிப்போர்ட்ட போன்ல எடுத்துத் தமிழ்ல படிச்சிக் காட்டினா. முழுசும் கேட்டேன். எல்லாம் சரியா எழுதியிருக்க. ‘இறப்பு ஒன்று’னு ஒரு வரி வருதே, அதை மட்டும் அடிச்சிடு. அந்த இடத்துல பேரப் போடு.

அக்கா
அன்னம்மாள்